கார்டு பின்னோக்கி எண்ணாது

அத்தியாயம் 4

சொந்தக் கையெழுத்தைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. விமலகுமாரி அன்று காலையில் பயந்தாள்.

பாறசாலை ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது அவளுடைய ஒற்றை அறைத் துப்பறியும் அலுவலகம். ஜன்னலுக்கு வெளியே ஜூன் மாத மழை. மேஜை முழுக்க வழக்குக் காகிதங்களின் நகல்கள். அவற்றில் ஒன்றின் அடியில் அந்தக் கையெழுத்து இருந்தது. ஆறு வருடத்துக்கு முன், பெங்களூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தபோது அவள் போட்டது. 'இந்தக் கார்டு குடிக்கும் மின்சாரத்தை அளந்து, உள்ளே இருக்கும் ரகசிய எண்ணைக் கண்டுபிடிக்க இயலாது' என்று ஒரு சான்றிதழ். அந்த ஒரு வரியை நம்பித்தான் புஷ்பபாய் என்ற நர்ஸ் முப்பத்தோரு நாளாகப் பெண்கள் சிறையில் இருந்தாள்.

விஷயம் இதுதான். வெள்ளறடையைத் தாண்டி, பனச்சமூட்டுக்குப் போகும் வழியில் கிளாரா நினைவு இல்லம் என்று ஒன்று உண்டு. புற்றுநோய் முற்றியவர்களுக்கு வலியைக் குறைத்து மரியாதையாக வழியனுப்பி வைக்கும் இடம். அங்கே மார்ஃபின் மாத்திரைகள் ஒரு இரும்பு அலமாரியில் இருக்கும். நர்ஸுகளின் கழுத்தில் தொங்கும் கார்டைச் செருகினால்தான் அலமாரி திறக்கும். மார்ச்சிலிருந்து மே வரை பதினெட்டு அட்டை மாத்திரை காணாமல் போயிருந்தது. அலமாரியின் பதிவேட்டில் ஒன்பது தடவை கணக்கில்லாமல் திறந்தது புஷ்பபாயின் கார்டு. தான் திறக்கவில்லை என்றாள் அவள். கார்டை நகல் எடுக்கவே முடியாது என்றது கார்டு கம்பெனி, விமலகுமாரியின் சான்றிதழை இணைத்து. அப்படியானால் திறந்தது அவள்தான். இருபத்திரண்டு வருட சர்வீஸ் ஒரே நாளில் மண்ணாய்ப் போயிற்று.

புஷ்பபாயின் மகள் ஜின்சிதான் விமலகுமாரியைத் தேடி வந்தவள். கண் கலங்காமல் பேசிய பெண். பதிவேட்டில் அம்மாவின் கார்டுக்கு மட்டுமான அறுபத்து நாலு பக்கத்தையும் நகலெடுத்துக் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, அம்மா எடுத்திருந்தால் எடுத்தாள் என்றே சொல்லுங்கள், ஆனால் படித்துவிட்டுச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு நாளாக விமலகுமாரி படித்தாள். தேதி, நேரம், கார்டின் பெயர். கண் பூத்துப் போயிற்று.

ராபின்சன் இரண்டு டீயோடு படியேறி வந்தான். நாற்பத்தாறு வயது. கீழே மொபைல் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், சர்ச் பாட்டுக்குழுவில் அடித்தொண்டையில் பாடுகிறவன், கடந்த நாலு வருடமாக அவளுக்கு வலதுகை. அவன் வாயை மூடி வைக்கும் பூட்டு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஒரு காகிதத்தைக் கையில் எடுத்து, டீயை உறிஞ்சிக்கொண்டே மேலிருந்து கீழாகப் பார்த்தான்.

"அக்கா, இந்த அலமாரிக்கு எண்ணத் தெரியாது போல. ஆறாயிரத்து முந்நூத்தி நாப்பது, அடுத்து ஏழாயிரத்து ஒண்ணு, அதுக்கு அடுத்து ஆறாயிரத்து முந்நூத்தி நாப்பத்தொண்ணு. எனக்க தங்கச்சி மவ எல்கேஜியில இப்படித்தான் எண்ணுவா. மிஸ் அவளைப் பெஞ்சு மேல ஏத்தி நிறுத்துவா."

விமலகுமாரி டீயைக் கீழே வைத்தாள். காகிதத்தை அவன் கையிலிருந்து பிடுங்கினாள்.

கடைசி நெடுவரிசை. தலைப்பில் 'எண்' என்று மட்டும் இருந்தது. வரிசை எண்ணாக்கும் என்று அவளும் தாண்டிப் போயிருந்தாள். போலீஸும் தாண்டிப் போயிருந்தது. அது அலமாரி எழுதும் எண் அல்ல. கார்டு தானே எழுதும் எண். தன்னிடம் இதுவரை எத்தனை கேள்வி கேட்கப்பட்டது என்பதை ஒவ்வொரு கார்டும் தனக்குள்ளே எண்ணிக்கொண்டு வரும். அலமாரியில் ஒரு தடவை செருகினால் ஒரு கேள்வி, எண்ணில் ஒன்று கூடும். குறைய வழியே கிடையாது.

"ஒரு கார்டு பின்னோக்கி எண்ணாது ராபின்சா. ஏழாயிரத்து ஒண்ணுக்குப் போன கார்டு திரும்பி வராது. இதுல ரெண்டு கார்டு இருக்கு. ஒரே பேரு, ஒரே ரகசியம், ரெண்டு கார்டு."

"அப்போ உங்க சர்ட்டிபிகேட்டு?"

விமலகுமாரி பென்சிலை எடுத்துக்கொண்டு முன்பக்கங்களுக்குப் போனாள். ஏழாயிரத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒன்பது வரை அந்த இரண்டாவது கார்டு தனியாக எண்ணிக்கொண்டு போயிருந்தது. சரியாக அந்த ஒன்பது திருட்டு. அதற்கு முன்னால் புஷ்பபாயின் நிஜ கார்டில் ஒரு தாவல் இருந்தது. மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை காலை பத்தே காலுக்கு 2316. அதே நாள் மாலை மூன்றரைக்கு 6331. இடையில் அலமாரி அந்தக் கார்டால் ஒரு தடவைகூடத் திறக்கப்படவில்லை. ஆனால் யாரோ அந்த ஐந்தேகால் மணி நேரத்துக்குள் கார்டிடம் நாலாயிரத்துப் பதினான்கு கேள்வி கேட்டிருக்கிறார்கள்.

"சர்க்கார் வேலைக்கு எழுதுற பிஎஸ்சி பரீட்சைக்கே நூறு கேள்விதான்" என்றான் ராபின்சன். "இது எந்த வேலைக்காம்?"

நகல் எடுக்கும் வேலைக்கு என்று அவள் விளக்கினாள். அவனுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. அவன் ஒரு காலத்தில் மின்வாரியத்துக்குத் தற்காலிகமாக மீட்டர் பார்த்தவன். மீட்டர் ஓடுகிற வேகத்தை வைத்தே, இந்த வீட்டில் அயன்பாக்ஸ் ஓடுகிறது, அந்த வீட்டில் கிரைண்டர் ஓடுகிறது என்று கதவைத் தட்டாமலே சொல்லுவான். கார்டும் அப்படித்தான். ரகசிய எண்ணை வைத்துக் கணக்குப் போடும்போது அது குடிக்கும் மின்சாரம் இம்மியளவு ஏறும், இம்மியளவு இறங்கும். ஒரு தடவை பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாலாயிரம் தடவை கேட்டு, நாலாயிரம் தடவை அளந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ரகசியம் எழுந்து உட்கார்ந்துவிடும்.

அதைத் தடுக்கவும் வழி உண்டு. கணக்குப் போடும் முன்னால் கார்டு தனக்குள்ளே ஒரு எண்ணைக் குலுக்கி எடுத்து ரகசியத்தோடு கலந்துவிடும். தடவைக்குத் தடவை வேறு எண். மீட்டர் ஓடும், ஆனால் பொய்யாக ஓடும். அதற்கு முகமூடி என்று பெயர். இந்தக் கார்டில் அந்த முகமூடி இருந்தது. விமலகுமாரியே மூன்று மாதம் உட்கார்ந்து, லட்சக்கணக்கான தடவை கேட்டுப் பார்த்துத் தோற்றுப் போய்த்தான் கையெழுத்துப் போட்டாள்.

"உங்களால லட்சத்துல முடியாதது, இவனால நாலாயிரத்துல முடிஞ்சிருக்கு" என்றான் ராபின்சன். "ஒண்ணு அவன் பெரிய ஆளு. இல்லேன்னா முகமூடியை எவனோ கழட்டியிருக்கான்."

ஜோக் அடிக்கும் குரலில்தான் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

*

கிளாரா இல்லத்துக்கு ராபின்சனின் பழைய ஆம்னி வேனில் போனார்கள். வைப்பர் ஒரு பக்கம்தான் ஓடியது. அது தன் பக்கம் இல்லை என்று ராபின்சன் வழியெல்லாம் வருத்தப்பட்டான்.

ஸ்டோர் ரூமுக்குப் பொறுப்பு ரதீஷ் என்ற முப்பது வயது ஆள். போலீஸ் வந்து போனதிலிருந்து ஒல்லியாகிவிட்டதாக அவனே சொன்னான். விமலகுமாரி கேட்டது ஒரே கேள்வி. அந்தப் புதன்கிழமை பகலில் புஷ்பபாயின் கார்டு எங்கே இருந்தது?

கழுத்தில்தான் இருந்திருக்கும் என்று ஜின்சி சொல்லியிருந்தாள். ஆனால் ரதீஷ் சுவரில் இருந்த ஒரு பலகையைக் காட்டினான். ஆறு ஆணி. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர். புதன்கிழமை புஷ்பபாய்க்கு வீடு வீடாகப் போகும் டியூட்டி. முன்பு ஒரு நர்ஸ் ஒற்றசேகரமங்கலத்துப் பக்கம் ஒரு நோயாளியைப் பார்க்கப் போய், நெய்யாற்றில் கார்டைத் தவறவிட்டாள். அன்றிலிருந்து ஜீப்பில் ஏறும் முன் கார்டை இந்த ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். திரும்பி வந்துதான் எடுக்க வேண்டும்.

"அப்படீன்னா அஞ்சு மணி நேரம் அவிய கார்டு உனக்க பொறுப்புல" என்றான் ராபின்சன்.

ரதீஷ் சட்டென்று பலகையை விட்டு விலகினான். தான் தொடவில்லை, அன்றைக்குத் தான் உள்ளேயே இல்லை என்று அவசரமாகச் சொன்னான். அந்த அவசரம் விமலகுமாரிக்குப் பிடிக்கவில்லை. ஸ்டோரை விட்டுவிட்டு எங்கே போனாய் என்று கேட்டாள். எங்கும் போகவில்லை, வாசலில் அயனி மூட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன் என்றான். மார்ச் மாத வெயிலில் உள்ளே ஃபேனை விட்டுவிட்டு வெளியே மரத்தடியில் உட்காருவானேன்?

"ஃபேன் ஓடல்ல மேடம். பூட்டு சர்வீஸுக்கு வந்தவன் ஆஃப் பண்ணச் சொன்னான். டியூப் லைட்டையும் ஆஃப் பண்ணினான். ஃபிரிட்ஜையும் நிறுத்தச் சொன்னான். மருந்து கெட்டுப் போவும்னு நான் சம்மதிக்கல்ல. சத்தம் வருது, வேலை ஓடல்லேன்னு சொன்னான். உள்ள இருந்தா வெந்து போவேன். அதாக்கும் வெளிய இருந்தேன்."

"அந்த ஃபேன் சத்தம் போடுமா?"

"எங்க? கிறிஸ்மஸுக்குத்தான் புதுசு மாட்டினது. மிண்டவே மிண்டாது."

விமலகுமாரி ஃபேனைப் போடச் சொன்னாள். அது சுற்றியது. நிஜமாகவே ஒரு சத்தமும் இல்லை. அவள் மேலே பார்த்தபடி சிறிது நேரம் நின்றாள். பெங்களூரில் இதே வேலையைச் செய்தபோது அவளும் இப்படித்தான், ஏப்ரல் மாத மத்தியானத்தில், எல்லா ஃபேனையும் எல்லா லைட்டையும் நிறுத்திவிட்டு வியர்த்து வழிய உட்கார்ந்திருக்கிறாள்.

"பூட்டு ரிப்பேர் பண்றவனுக்கு ஃபேன் தொந்தரவு இல்ல" என்று ராபின்சனிடம் மெதுவாகச் சொன்னாள். "அவன் சொன்னது காதுக்குக் கேக்கிற சத்தம் இல்ல. ஃபேனும் லைட்டும் கரண்டுல போடுற சத்தம். கார்டு குடிக்கிற கரண்டு ஒரு முணுமுணுப்பு. பக்கத்துல மத்ததெல்லாம் வாயை மூடினாத்தான் அது கேக்கும்."

சர்வீஸ் நோட்டில் அந்தப் புதன்கிழமைக்கு நேரே கையெழுத்து இருந்தது. உண்ணி, கார்டு கம்பெனி டெக்னீஷியன். அதற்குப் பிறகு பூட்டுக்கு எண்ணெய் போட, பூட்டைச் சரிபார்க்க என்று ஒன்பது தடவை வந்திருந்தான். அந்த ஒன்பது தேதியும் திருட்டுப் போன ஒன்பது தேதியும் ஒன்றுதான். போலீஸ் அவனிடம் விசாரித்ததாகவும், அவனிடம் கார்டே கிடையாது என்பதால் விட்டுவிட்டதாகவும் ரதீஷ் சொன்னான்.

பெயரைப் படித்ததும் விமலகுமாரிக்குள் ஒரு குரூரமான சந்தோஷம் எழுந்தது. மாத்திரையை வாங்கி விற்கிற கூட்டம் ஒன்று இருக்கும். உண்ணி அதில் ஒருவன். கம்பெனியே நல்ல சிப்புக்குப் பதில் மட்டமான சிப்பைப் போட்டிருக்கும். சான்றிதழ் சுத்தம், கை சுத்தம். வேனில் ஏறும்போது அவளுக்குப் பசித்தது. ரொம்ப நாளுக்குப் பிறகு.

*

பனச்சமூடு சந்தைக்குப் பக்கத்து டீக்கடையில் ராபின்சன் பத்து நிமிடம் வாயாடிவிட்டு வழியோடு வந்தான். உண்ணியின் வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம். அந்தப் பக்கம் என்றால் தமிழ்நாடு.

"இந்தப் பக்கம் ஒருத்தன் தும்மினா அந்தப் பக்கத்துல ஆளு எட்டிப் பாக்கும். ஆனா ரெண்டு சர்க்காரு, ரெண்டு முதலமைச்சரு" என்று சொல்லிக்கொண்டே வண்டியை நிறுத்தினான். "அக்கா, ஆளு ஓடினா நீங்க துரத்தணும். எனக்கு முட்டுவலி."

ஆள் ஓடவில்லை. சின்ன ஓட்டு வீடு. முற்றத்தில் போட்டிருந்த தார்ப்பாய்ப் பந்தலின் கம்புகள் இன்னும் பிடுங்கப்படவில்லை. சுவரோரமாக ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில் மழையில் நனைந்து நின்றது. கதவைத் திறந்தவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தலை மொட்டை, முடி கொஞ்சமாக முளைத்திருந்தது. அவர்களைப் பார்த்தான். விமலகுமாரியின் கையிலிருந்த பதிவேட்டுக் காகிதத்தைப் பார்த்தான்.

"எண்ணு காட்டிக் குடுத்துதா?" என்று கேட்டான்.

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். மறைப்பதற்கு அவனிடம் எந்தத் தெம்பும் இருக்கவில்லை. நகல் கார்டையும் அளவெடுத்த கருவியையும் அவனே எடுத்து வந்து பாயில் வைத்தான். யாரோ தூக்கிப் போட்ட பழைய ஆசிலோஸ்கோப், மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டுவது. ஒரு சின்ன ரெசிஸ்டர். ஒரு லேப்டாப். விமலகுமாரி அதைப் பார்த்தாள். பெங்களூரில் அவள் உபயோகித்த சாமான்கள் ஒரு அறையை நிறைத்தன. இது ஒரு சோற்றுப் பானைக்குள் அடங்கும்.

யாருக்கு விற்றாய் என்று கேட்டாள்.

அவன் புரியாதவன் போலப் பார்த்தான். பிறகு எழுந்து, சுவரில் மாலை போட்டிருந்த ஒரு படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றான். அவனுடைய அம்மா ஓமனா. மார்பில் வந்த புற்று முதுகெலும்புக்கு இறங்கி, கடைசி நாலு மாதம் அந்தக் கட்டிலில் கிடந்தாள். கிளாரா இல்லத்தில் போய்க் கேட்டான். மூன்று பஞ்சாயத்துக்காரர்களுக்குத்தான் மருந்து, அதுதான் டிரஸ்டின் விதி, உங்கள் வீடு தமிழ்நாட்டில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். அதைச் சொன்ன நர்ஸ் புஷ்பபாய். நாகர்கோவிலுக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். ஒரு தடவை கொண்டு போனான். ஒவ்வொரு வேகத்தடையிலும் அம்மா போட்ட சத்தத்தைக் கேட்ட பிறகு மறுபடி கொண்டு போக அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"எதிர்வீட்டுல ஒரு வயசன் உண்டு. அதே நோய். அந்த வீடு கேரளா. எல்லா புதனும் ஜீப்பு வரும். எங்க வாசலுக்கு நேரதான் நிக்கும். அவருக்கு மாத்திரை கிட்டும். எனக்க அம்மைக்கு அந்த வண்டிச் சத்தம் தெரியும். மக்கா, அவிய வந்தாச்சு, போய்க் கேளுன்னு சொல்லுவா. நான் வெளிய வந்து ரோட்டுல நின்னுட்டு, கேட்டாச்சு அம்மேன்னு திரும்பிப் போவேன்."

ராபின்சன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினெட்டு அட்டையும் அம்மாவுக்கா என்று விமலகுமாரி கேட்டாள். அவன் தலையாட்டினான். நாலு மணிக்கொரு தடவை கொடுக்க வேண்டியதை ஆறு மணிக்கொரு தடவையாக இழுத்து இழுத்துக் கொடுத்ததாகச் சொன்னான். புஷ்பபாயின் கார்டை ஏன் எடுத்தாய்? புதன்கிழமை ஆணியில் தொங்கியது அதுதான். வேறு காரணமும் உண்டு, அதை எதற்குச் சொல்ல வேண்டும் என்றான்.

"அவங்களை அரெஸ்ட் பண்ணின அன்னைக்கே நீ சொல்லியிருக்கலாம்."

"அன்னைக்கு அம்மை உண்டு மேடம். அவியள கொண்டு போனதும் கம்பெனியில இருந்து அந்தக் கார்டை கேன்சல் பண்ணினாவ. எனக்க கையில இருந்ததும் அதோட செத்துப் போச்சு. அதுக்குப் பிறகு எட்டு நாளு அம்மை ஒண்ணும் இல்லாம கெடந்தா." படத்தில் சரிந்திருந்த மாலையை நேராக்கினான். "இருபத்திமூணு நாளாச்சு போயி."

"அதுக்குப் பிறகு? இந்த இருபத்திமூணு நாளும்?"

"பேடியாக்கும், பயம்" என்றான். "வேற ஒண்ணும் இல்ல."

விமலகுமாரிக்கு அவன்மேல் கோபம் வந்தது. இரக்கமும் கூடவே வந்தது. இரண்டையும் ஒதுக்கிவிட்டு, தான் கேட்க வந்த கேள்விக்குப் போனாள். அந்தக் கார்டில் முகமூடி இருந்ததே, நாலாயிரத்தில் எப்படி உடைந்தது? சிப்பை மாற்றிவிட்டார்களா?

இல்லை என்றான். அதே நல்ல சிப்புதான். போன வருடம் கிளாரா இல்லத்திலிருந்து ஒரு புகார் வந்தது. அலமாரி திறக்க ஆறு விநாடி ஆகிறது, நோயாளி கத்திக்கொண்டிருக்கும்போது ஆறு விநாடி நிற்க முடியவில்லை என்று. எழுதியவள் புஷ்பபாய். முகமூடி போட்டுக் கணக்குப் போட்டால் நேரம் ஆகத்தான் செய்யும். கம்பெனி மேனேஜர் போனில் கூப்பிட்டு, முகமூடியை ஆஃப் செய்துவிடு, அந்தக் காட்டுக்குள்ளே எவன் லேபைத் தூக்கிக்கொண்டு வரப் போகிறான் என்றார். ஆறு கார்டிலும் உண்ணிதான் ஆஃப் செய்தான். அலமாரி ஒரே விநாடியில் திறந்தது. நர்ஸுகள் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். எழுத்தில் எந்த உத்தரவும் கிடையாது. எல்லாம் போனில்தான்.

"முகமூடி ஆஃப்ல இருந்தா சர்ட்டிபிகேட் செல்லாதுன்னு அதுலேயே ஒரு நிபந்தனை இருக்கு" என்றாள் விமலகுமாரி. குரல் அவளை அறியாமல் உயர்ந்தது. "அதைப் படிக்காம எப்படி ஆஃப் பண்ணினே?"

உண்ணி லேப்டாப்பைத் திறந்து, கம்பெனி தங்களுக்குக் கொடுத்த சான்றிதழைக் காட்டினான். ஒரே ஒரு பக்கம். அடியில் அவளுடைய கையெழுத்து. நிபந்தனை எதுவும் அதில் இல்லை.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்று சொல்வதுகூடப் பொய். இந்த இரண்டு நாளும் அதை நினைக்காமல் இருக்கத்தான் அறுபத்து நாலு பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தாள். ஆறு வருடத்துக்கு முன் அந்த நிபந்தனையை முதல் பக்கத்தில்தான் எழுதியிருந்தாள். விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். முதல் பக்கத்தில் இப்படி இருந்தால் வாங்குகிறவன் பயப்படுவான், கடைசிப் பக்கத்துக்கு மாற்றிக் கொடுங்கள், எழுத்து ஒன்றும் குறையாதே என்றார். உண்மைதான், ஓர் எழுத்தும் குறையவில்லை. அவள் மாற்றிக் கொடுத்தாள். பன்னிரண்டாம் பக்கம். அதற்குப் பிறகு அந்தக் காகிதத்தின் முதல் பக்கம் மட்டும் ஊரெல்லாம் சுற்றியது. கோர்ட்டுக்கும் வந்தது.

"என்னக்கா?" என்றான் ராபின்சன்.

"ஒண்ணுமில்ல. கெளம்பலாம்."

உண்ணி சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான். கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு ரோட்டைக் கடந்து போய், எதிர்வீட்டில் அந்த வயசனின் மருமகளிடம் கொடுத்துவிட்டு வந்தான்.

*

போலீஸ் ஸ்டேஷனில் எல்லாம் எழுதி முடிய மாலை ஆனது. அதற்குள் கம்பெனியிலிருந்து பதில் மின்னஞ்சலே வந்துவிட்டது. டெக்னீஷியன் தன்னிச்சையாகப் பாதுகாப்பை நீக்கியிருக்கிறார், அவர் இன்று காலை முதல் வேலையில் இல்லை, எங்கள் கார்டில் குறை எதுவும் இல்லை. 'இன்று காலை' என்பதைப் படித்த ராபின்சன், நல்லவேளை, நேற்றே வேலையை விட்டு எடுத்துவிட்டதாக எழுதவில்லை என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

விமலகுமாரி தன்னுடைய வாக்குமூலத்தில் கடைசியாக ஒரு பத்தி சேர்த்தாள். நிபந்தனையை முதல் பக்கத்திலிருந்து பன்னிரண்டாம் பக்கத்துக்கு மாற்றியது நான்தான், கேட்டவர் இன்னார், ஒப்புக்கொண்டது நான். சப்-இன்ஸ்பெக்டர் படித்துவிட்டுப் பேனாவை மூடினார். கேஸுக்கு இது தேவையில்லை, உங்கள் சாட்சிதான் பலவீனமாகும், இனிமேல் உங்கள் கையெழுத்தை எவனும் மதிக்க மாட்டான் என்று நல்லதற்காகத்தான் சொன்னார். இருக்கட்டும் என்றாள்.

மறுநாள் காலை ஜின்சியோடு சிறைக்குப் போனார்கள். புஷ்பபாய் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்து நாலு வயது. தலையை இழுத்து வாரிக் கட்டியிருந்தாள். இங்கேயும் டியூட்டியில் இருப்பவள் போல நேராக உட்கார்ந்திருந்தாள். ஜாமீன் இந்த வாரமே கிடைக்கும், வழக்கே நிற்காது என்று ஜின்சி சொன்னபோது தலையை மட்டும் அசைத்தாள். விமலகுமாரி எல்லாவற்றையும் சொன்னாள். எண்ணை, ஃபேனை, உண்ணியை, ஆறு விநாடிப் புகாரை, பன்னிரண்டாம் பக்கத்தை. தன்னுடைய பங்கைச் சொன்னபோது புஷ்பபாய் அவள் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். 

ஓமனாவின் வீடு எது என்று சொன்னபோதுதான் அவள் வாய் திறந்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஓட்டு வீடா என்று கேட்டாள்.

"ஆமா."

"எனக்குத் தெரியும் அந்த அம்மையை. நான் எதிர்வீட்டுக்கு எறங்கும்போ அவிய உள்ள கெடந்து விளிப்பாவ. சிஸ்டரே, சிஸ்டரேன்னு. எனக்க பேக்குல மாத்திரை உண்டு. நான் டிரைவர்கிட்ட ஜீப்புல பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல்லுவேன்."

ஜின்சி அம்மாவின் முகத்திலிருந்து பார்வையை எடுத்துக்கொண்டாள். பக்கத்துக் கம்பியில் யாரோ குழந்தையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நேரம் முடிந்துவிட்டதாக வார்டர் வந்து சொன்னாள்.

புஷ்பபாய் எழுந்தாள். இரண்டு அடி போனவள் திரும்பி, கம்பியருகே வந்தாள்.

"அவனைப் பாத்தா சொல்லணும், நான் மன்னிக்கல்லேன்னு. பாஸ்டர் வந்து சொன்னாலும் மன்னிக்க மாட்டேன். முப்பத்திரெண்டு நாளாக்கும்." கம்பியைப் பிடித்தாள். "அவனும் என்னை மன்னிக்க வேண்டாம். அதையும் சொல்லணும்."